நாலு படம், நாலு வாக்கியம்

பெற்றோர்களுக்கு மிகவும் பிடித்த ஹோம்வொர்க் எது என்று ஓட்டெடுப்பு நடத்தினால் 'மேட்ச் த பிக்சர்ஸ்' ஜெயிக்கும். எதிர்த்து நின்ற மற்றதெல்லாம் டெபாசிட் இழக்கும். இடது பக்கம் நாலு படம். வலது பக்கம் நாலு இங்கிலீஷ் வாக்கியம். நடுவே காலி இடம். ஸ்கேல், பென்சில் எடுத்துக் கோடு போட வேண்டியது, தீர்ந்தது வேலை. எழுத வேண்டாம், ஒப்பிக்க வேண்டாம், தெர்மோகோல் வாங்க ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடையைத் தேடி அலைய வேண்டாம். குழந்தை அழாது. அம்மா கத்த மாட்டாள். 'நான் பாத்துக்கறேன், விடு' என்று அப்பா வீரமாக முன்வரும் ஒரே ஹோம்வொர்க் இதுதான்.

ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பதிப்பகமானாலும் ஜாதகம் ஒன்றுதான். ஒரு பையன் பட்டம் விடுவான். ஒரு பெண் பால் குடிப்பாள். ஒரு நாய் ஓடும். ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னுவாள். எனக்குத் தெரிந்து சென்னையில் எந்தப் பாட்டியும் ஸ்வெட்டர் பின்னவில்லை. எல்லாரும் சீரியல் பார்க்கிறார்கள், அல்லது வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்புகிறார்கள். அப்பா ஈஸிசேரில் நியூஸ் பேப்பர் படிப்பார். அம்மா அடுப்படியை விட்டு நகரவே மாட்டாள். மூலையில் ஒரு சூரியன் சிரிக்கும். மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது என்ன மாதிரிச் சிரிப்பு என்று தெரியும்.

போகட்டும். படத்தைக் கிண்டல் பண்ணுவது சுலபம். எனக்கு சந்தேகமெல்லாம் நடுவில் போடுகிற அந்தக் கோட்டின் மேல்தான்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பிரகஸ்பதி இருக்கிறான். 'ரிசப்ஷனுக்குத் தலையைக் காட்டிட்டு வந்துடறோம் ஸார்' என்று ஒருநாள் சாயங்காலம் அவனையும் அவனுடைய புத்தகப் பையையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பையன் சமர்த்து. தானாகவே புத்தகத்தைத் திறந்தான், ஸ்கேலை வைத்தான். சரக், சரக், சரக், சரக். நாற்பது செகண்ட் ஆகியிருக்காது. நாலும் சரி. போன பக்கத்தைப் பார்த்தேன். அதுவும் நாலும் சரி. டீச்சர் 'வெரி குட்' எழுதி நட்சத்திரம் வேறு ஒட்டியிருந்தார். அதற்கு முந்தின பக்கத்திலும் நட்சத்திரம். புத்தகம் மினி பிளானட்டேரியமாக இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் முதல் வாக்கியத்தைக் காட்டி, "இதைப் படிடா" என்றேன்.

"கைட்."

"முழுசாப் படி."

"கைட்தான் அங்கிள்."

அங்கே 'த பாய் இஸ் ஃப்ளையிங் அ கைட்' என்று ஆறு வார்த்தைகள் இருந்தன. அவனைப் பொறுத்தவரை கைட்தான் மாப்பிள்ளை. மற்ற ஐந்தும் மாப்பிள்ளையோடு வேனில் வந்தவர்கள்.

"பாய் எங்கே இருக்கு?"

"அது எதுக்கு? பட்டம் ஒரே ஒரு படத்துலதானே இருக்கு?"

மில்க், டாக் இரண்டும் இதே கதை. நாலாவது, 'கிராண்ட்மதர்' என்று ரயில் மாதிரி நீளமான வார்த்தையில் ஆரம்பிக்கிற வாக்கியம். அது அவனுக்குச் சுத்தமாகப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் கோடு சரியாகப் போயிருந்தது.

"இது எப்படிடா கண்டுபிடிச்சே?"

"மூணு போச்சுல்ல? மிச்சம் அதான்."

இவன் பிற்காலத்தில் பெரிய மேனேஜராக வருவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றை நீக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது வாழ்க்கையில் எல்லாரும் கடைப்பிடிக்கிற வழிதான். என் நண்பன் ஒருவனுக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம் நிச்சயமானதே இந்த முறையில்தான். (பெண் வீட்டிலும் இதே முறையைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.) ஆனால் இது இங்கிலீஷ் படிக்கிற வழி இல்லையே! இருபத்துச் சொச்சம் வார்த்தைகள் உள்ள பக்கத்தில் மூன்றே மூன்று வார்த்தை தெரிந்த பையனுக்கு நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடமும் சந்தோஷம், வீடும் சந்தோஷம். விஷயம் வெளியே வருவது நாலாவது ஐந்தாவது வகுப்பில், படமே இல்லாமல் வெறும் எழுத்தாக ஒரு பக்கம் கண் முன்னால் வந்து நிற்கும்போது. 'சின்ன வயசுல நல்லாத்தானே படிச்சான், இப்ப என்னமோ மக்கர் பண்றான்' என்பார்கள். அவன் சின்ன வயதிலும் படிக்கவில்லை, ஸார். கோடு போட்டான்.

இந்தப் பயிற்சியில் ஒளிந்திருக்கிற கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. ஆபீஸில் வேலை இல்லாதபோது போட்டுப் பார்க்கலாம். நாலு படம், நாலு வாக்கியம் என்றால் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்க்க மொத்தம் 24 வழிகள். கண்ணை மூடிக்கொண்டு கோடு கிழித்தால் அதில் 9 வழிகளில் எல்லாமே தப்பு. 8 வழிகளில் ஒன்று சரி. 6 வழிகளில் இரண்டு சரி. ஒரே ஒரு வழியில் நாலும் சரி. மூன்று சரியாக வருவது எத்தனை வழிகளில்? பூஜ்யம். மூன்று சரி என்றால் நாலாவது தன்னாலேயே சரியாகத்தான் இருந்தாக வேண்டும், தப்பு பண்ண அதற்கு இடமே கிடையாது. ஆகவே இந்தக் கேள்வியில் உங்கள் குழந்தை நாலுக்கு மூன்று வாங்கி வந்தால், ஒன்று அது ஒரே வாக்கியத்துக்கு இரண்டு கோடு போட்டிருக்கும், அல்லது டீச்சருக்குக் கூட்டல் தகராறு.

இன்னொரு வேடிக்கை. ஒன்றுமே தெரியாமல் கிழித்தாலும் சராசரியாக ஒன்று சரியாகிவிடும். நாலுக்கு நாலு வைத்தாலும் சரி, பத்துக்குப் பத்து வைத்தாலும் சரி, அந்தச் சராசரி ஒன்றுதான், மாறாது. விவரம் தெரிந்து கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இதற்காகத்தான் ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஆறு என்று வைப்பார்கள். மிச்சம் இரண்டு அனாதையாக நிற்கும். 'மூணு போச்சு, மிச்சம் அதான்' என்கிற பாச்சா பலிக்காது.

படத்தையும் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழந்தைக்கு மொழி சொல்லித் தருவது நேற்று வந்த சமாசாரம் இல்லை. 1658-ல் ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்தில் 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்' என்று ஒரு புத்தகம் வந்தது. கண்ணுக்குத் தெரிகிற உலகம் படங்களாக, என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் ஜான் ஆமோஸ் கொமீனியஸ், இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாக்காரர். குழந்தைகளுக்கு லத்தீன் சொல்லித் தருவதற்காக, பக்கத்துக்குப் பக்கம் மரச்செதுக்குப் படம் போட்டுக் கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் வாக்கியங்கள். அடுத்த வருஷமே, 1659-ல், இங்கிலீஷிலும் வந்துவிட்டது. முதலில் எழுத்துக்களைச் சொல்லிக் கொடுக்க மிருகங்களையும் பறவைகளையும் கூப்பிடுகிறார் மனிதர். 'ஏ'க்கு ஆப்பிள் இல்லை, காக்கா! அது 'ஆ ஆ' என்று கத்துகிறது, அதுதான் முதல் எழுத்தின் சத்தம். நம் ஊர்க் குழந்தைக்கு ஆப்பிளைவிடக் காக்கா எவ்வளவோ தேவலை.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது இதைவிடச் சின்ன ஒரு காரியம். படத்தில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கிறார். கீழே வாக்கியத்தில் அந்தச் சாமானின் பெயர் வருகிற இடத்திலும் அதே நம்பர். படத்தில் 3 என்றால் வாக்கியத்திலும் 3. கோடு போடுகிற வேலையைக் குழந்தைக்கு வைக்காமல் தானே செய்து கொடுத்துவிட்டார் கொமீனியஸ். 'இது இதுதான், பார்த்துக்கோ' என்று விரல் பிடித்துக் காட்டுவது அது. நாம் நம்பரை எடுத்துவிட்டோம், பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம், 'நீயே கண்டுபிடி, நாலு மார்க்' என்றோம். கற்றுக் கொடுக்க வந்த படம் சோதனை போடுகிற படமாகிவிட்டது. குழந்தை என்ன செய்யும்? சோதனையை ஜெயிக்கக் குறுக்கு வழி எதுவோ அதைக் கற்றுக்கொள்ளும். நம் பிரகஸ்பதி செய்ததும் அதைத்தான்.

அன்றைக்கு ரிசப்ஷனுக்குப் போனவர்கள் திரும்பி வர இன்னும் நேரம் இருந்தது. பழைய டைரியில் நாலு படம் போட்டேன். எனக்கு ஓவியம் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் பூனையும் பெட்டியும் யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு வட்டம், இரண்டு காது, மூன்று மீசை என்றால் பூனை. ஒரு படத்தில் பெட்டி மேல் பூனை. ஒன்றில் பெட்டிக்குள். ஒன்றில் பெட்டிக்கு அடியில். ஒன்றில் பூனை மேல் பெட்டியைத் தூக்கி வைத்தேன், பாவம். எதிரே வாக்கியங்கள்: 'த கேட் இஸ் ஆன் த பாக்ஸ்', 'த கேட் இஸ் இன் த பாக்ஸ்', 'த கேட் இஸ் அண்டர் த டேபிள்', 'த பாக்ஸ் இஸ் ஆன் த கேட்'. மூன்றாவது வாக்கியத்தில் பெட்டிக்குப் பதிலாக வேண்டுமென்றே டேபிளைப் போட்டு, எந்தப் படத்துக்கும் சேராமல் அனாதையாக விட்டிருந்தேன்.

பையன் ஸ்கேலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். முதல் தடவையாக அந்தப் பென்சில் நின்றது.

"அங்கிள், தப்பா போட்டிருக்கீங்க. எல்லாத்துலயும் பூனை இருக்கு."

"ஆமா."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"படிச்சுத்தான்."

இந்த அநியாயத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு விரலை வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தான். 'ஆன்' என்றான். 'இன்' என்றான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான்.

இங்கே பையனைக் குற்றம் சொல்ல முடியாது. நம் தமிழ் அப்படி. பெட்டியில் துணி, மேஜையில் புத்தகம், சுவரில் படம், பஸ்ஸில் ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'லை வைத்துச் சமாளித்துவிடுவோம். உள்ளேயா மேலேயா என்று யாராவது குடைந்தால்தான் 'உள்ளே', 'மேலே' என்று பிரித்துச் சொல்வோம். இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு தடவையும் பிரித்தாக வேண்டும். சுவருக்கு 'ஆன்', பெட்டிக்கு 'இன்', காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு மட்டும் 'ஆன்'. (ஃபுட்போர்டில் தொங்குகிறவர்களுக்கு இது நியாயமாகவே படும்.) 1950-களின் கடைசியில் மதராஸ் ராஜ்யத்தில் ஆயிரக்கணக்கான ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தார்கள். இந்த மாதிரிச் சின்ன வார்த்தைகளையும் வாக்கிய அமைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பழக்கித் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான் அன்றைய முறை. வாத்தியார் புத்தகத்தை மேஜை மேல் வைப்பார், ஒரு வாக்கியம். நாற்காலிக்கு அடியில் வைப்பார், அடுத்த வாக்கியம். புத்தகம் அதேதான், மேஜை அதேதான். மாறுவது நடுவில் உள்ள சின்ன வார்த்தை மட்டும். அலுப்பான முறை என்று பிற்பாடு எல்லாரும் திட்டினார்கள். திட்டலாம். ஆனால் அதில் 'கைட்' மட்டும் பார்த்துத் தப்பிக்க முடியாது.

'த பாக்ஸ் இஸ் ஆன் த கேட்'டில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தமிழில் 'நாய் பூனையைத் துரத்துது', 'பூனையை நாய் துரத்துது', எப்படித் திருப்பிப் போட்டாலும் ஓடுவது பூனைதான். 'ஐ' என்று ஒட்டிக்கொண்டிருக்கிற வால் காட்டிக் கொடுத்துவிடும். இங்கிலீஷில் வால் கிடையாது. யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்கள் துரத்துகிறார்கள். இடம் மாறினால் விதி மாறும். நாய், பூனை என்று இரண்டு வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுக்கிற பையனுக்கு இரண்டு வாக்கியமும் ஒன்றுதான்.

பையனை மட்டும் சொல்வானேன்? 2021-ல் 'ஓப்பன் ஏஐ' கம்பெனி 'கிளிப்' என்று ஒன்றை வெளியிட்டது. 40 கோடி படங்கள், அதற்குரிய 40 கோடி வாசகங்கள், எல்லாம் இன்டர்நெட்டிலிருந்து. அதற்குக் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? சத்தியமாக நம் ஒன்றாம் வகுப்பு ஹோம்வொர்க்தான். ஒரு பக்கம் 32,768 படம், மறுபக்கம் 32,768 வாசகம், எதற்கு எது என்று சேர். சேர்த்தாயிற்றா, அடுத்த கட்டு. வார்த்தையைக் கொடுத்தால் படம் வரைந்து தருகிற இயந்திரங்கள் பலவற்றுக்குள் இந்தப் படிப்பு உட்கார்ந்திருக்கிறது.

மறு வருஷம், 2022-ல், சில ஆராய்ச்சிக்காரர்கள் என் டைரிப் பூனை மாதிரியே 400 கேள்விகள் தயாரித்தார்கள். 'வினோகிரவுண்ட்' என்று பெயர். ஒவ்வொன்றிலும் இரண்டு படம், இரண்டு வாக்கியம். இரண்டு வாக்கியத்திலும் அதே வார்த்தைகள், வரிசை மட்டும் வேறு. பல்பைச் சுற்றிச் செடி, செடியைச் சுற்றி பல்பு என்கிற தினுசு. மனிதர்கள் பெரும்பாலும் சரியாகச் சேர்த்தார்கள். கிளிப்பும் அதன் சகாக்களும் கிட்டத்தட்டக் காசைச் சுண்டிப் போட்ட மாதிரி, சில சமயம் அதைவிட மோசமாக. 40 கோடி ஹோம்வொர்க் செய்தும் அதுவும் 'கைட்' பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறது! அப்புறம் வந்த இயந்திரங்கள் தேறியிருக்கின்றன. அவற்றுக்குத் திருத்தித் திருத்திச் சொல்லித் தரச் சம்பளம் வாங்குகிற இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள்.

பிரகஸ்பதிக்கு அன்று நான்தான் கிடைத்தேன். பூனை முடிந்ததும் இரண்டு படம் போட்டேன். ஒன்றில் ஸ்கூட்டர் மேல் அப்பா. இன்னொன்றில் அப்பா மல்லாந்து கிடக்க, அவர் மேல் ஸ்கூட்டர். 'த ஸ்கூட்டர் இஸ் ஆன் அப்பா' என்று எழுத்துக்கூட்டி முடித்ததும் அரை செகண்ட் நிசப்தம். பிறகு சிரித்தான் பாருங்கள், புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பை மூணு போச்சு மிச்சம் ஒண்ணு என்று வரவழைக்க முடியாது. அவன் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போகும்போது அவரை ஒரு தினுசாகவே பார்த்துக்கொண்டு போனான்.

என் சித்தி பெண் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "நீ ஏன் அண்ணா படம் போடறே? வாக்கியத்தை மட்டும் குடுத்துப் படத்தை அதுங்களைப் போடச் சொல்லு" என்றாள் அலட்சியமாக. அவள் அப்படித்தான் செய்வாளாம். போர்டில் ஒரு வாக்கியம். ஸ்லேட்டோ நோட்டோ, எதிலாவது படம். சேர்ப்பதற்குப் பக்கத்தில் எதுவுமே இல்லை, அடித்துவிட முடியாது. முப்பது பிள்ளை என்றால் முப்பது படம். யாருக்கு எந்த வார்த்தை புரியவில்லை என்று ஒரு ரவுண்டு வந்தாலே தெரிந்துவிடும். பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடித்தாலும் மாடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் மாட்டிக்கொள்வார்கள்.

2019 ஆரம்பத்தில் ஒருநாள் 'த கவ் இஸ் அண்டர் த ட்ரீ' என்று எழுதிப் போட்டாளாம். கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. அந்தப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்து, நாலு மாசம் கூட ஆகாத சமயம். அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது, எழுதிவிட்டாள். பிள்ளைகள் வரைந்தார்கள். நின்ற மரம், நிழலில் மாடு, மூலையில் வழக்கமான சிரிக்கிற சூரியன். ஒரு பையன் நோட்டில் மட்டும் மரம் நீளவாட்டில் படுத்திருந்தது. அதற்கு அடியில் மாடு, நாலு காலும் ஒரு பக்கமாக.

"ஏன்டா மரம் படுத்திருக்கு?"

"விழுந்திடுச்சு டீச்சர். எங்க மாடு அடியில மாட்டிக்கிச்சு."

"டிக் போட்டியா?" என்று கேட்டேன்.

"பின்னே? அண்டர்னுதானே எழுதியிருந்தேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மரம் வருகிற வாக்கியம் எதையும் அவள் போர்டில் எழுதவில்லையாம்.